பழுத்த டயல்

எங்கள் வீட்டுக்கே நேரம் பார்க்க ஒரு டைம்பீஸ் போதுமாயிருந்தது. மாமாவுக்கு மட்டும் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கைக்கடிகாரங்கள் வேண்டியிருந்தன. அம்மாவின் தம்பி அவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் மயிலாப்பூரில் எங்களோடுதான் இருந்தார். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட் போவார். எந்த வெள்ளைக்காரனோ விட்டுப்போன சுவிஸ் வாட்சோடு வருவார். சாவி கொடுப்பார், காதில் வைத்துக் கேட்பார், கட்டிக்கொள்ளவே மாட்டார்.

டின்னுக்குள் ஒன்றுதான் ராஜா. தங்கக் கூடு. ஒரு காலத்தில் கறுப்பாயிருந்த டயல், ஓரத்தில் டிகாக்ஷன் நிறமும் நடுவில் பேரீச்சம்பழ நிறமுமாக மாறியிருந்தது. அழுக்கு என்றேன் நான்.

"அழுக்கா? வெயில்டி அது. எவன் கையிலயோ எத்தனையோ வருஷம் பட்ட வெயில். ரெண்டு வாட்ச் ஒரே மாதிரி பழுக்காது, தெரியுமோ?"

தெரியவில்லை. மாம்பழம் பழுக்கும். கடிகாரம் எப்படிப் பழுக்கும்?

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளை வாட்ச் தன் பொறுப்பு என்றார் மாமா. அக்காவைத் தோளில் போட்டு வளர்த்தவர். டின்னைத் திறந்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அந்த ராஜாவையே எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.

"இதையாடா? சம்பந்தியாத்துல என்ன நினைப்பா?"

"இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் கிடையாது."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், தம்பிக்கு வேறு வழியில்லை என்று எடுத்துக்கொண்டாள்.

கல்யாண வீடென்றால் எல்லாவற்றையும் புதுசாக்க வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு, பித்தளைக்கு ஈயம், வளையலுக்கு மெருகு. தி.நகருக்கு மெருகுக்குப் போன நகைகளோடு வாட்சும் போயிற்று. சுபகாரியத்துக்குக் கறுப்பு ஆகாதென்று, டயலுக்கு வெள்ளையே அடிக்கச் சொல்லியிருந்தாள் அம்மா. பளீரென்று வந்து சேர்ந்தது.

"எப்படி? என் தம்பியைத் தலைகுனிய விடுவேனா?"

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பழைய கலரை என்ன பண்ணினான்?"

"சுரண்டிப் போட்டிருப்பான். அதை வெச்சுண்டு என்ன பண்றது?"

"அதானே," என்றார் மாமா. "ரொம்ப நன்னா இருக்கு."

நேரே கிணற்றடிக்குப் போய், கட்டிய வேட்டியோடு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டார். சாவுச் செய்தி வந்தால்தான் எங்கள் வீட்டில் அப்படிக் குளிப்பார்கள். நான் கூடத்துக்கு ஓடி, அப்பளம் இட்டுக்கொண்டிருந்த உறவுக்காரப் பெண்கள் நடுவில் உரக்கக் கேட்டேன்.

"அம்மா, யாரு செத்துப்போயிட்டா?"

குழவிகள் நின்றன. அம்மாவின் முகம் வெளுத்தது. தீட்டு என்றால் முகூர்த்தமே நின்றுபோகும். ஈரம் சொட்டச் சொட்ட வந்த மாமாதான் சிரித்தார்.

"ஒருத்தரும் போகலை. பித்தம். தலையைச் சுத்தித்து, குளிச்சேன்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்குத் தொடையில் ஒரு கிள்ளு.

மண்டபத்தில் மாப்பிள்ளை கையில் மாமாவே வாட்சைக் கட்டினார். "கடையிலேருந்து இப்பத்தான் வந்தாப்பல இருக்கே!" என்று சம்பந்தி மெச்சினார். அம்மா பூரித்துப்போனாள். மாமா அவளைவிடப் பெரிதாகச் சிரித்தார். எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. வாட்ச் ஓடுகிறது, மினுக்குகிறது, நன்னா இருக்கு என்று அவரே சொல்லியாயிற்று. பின்னே அந்தக் குளியல் யாருக்காக?

ஒன்று மட்டும் புரிந்தாற்போலிருந்தது. போனது வெயில். சரி, மெட்ராஸில் வெயிலுக்கா பஞ்சம்? அக்கா புக்ககம் போன மறுநாள், டைம்பீஸைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறினேன். வடாம் காய்ந்துகொண்டிருந்த பழைய வேட்டியின் ஓரத்தில், வானத்தைப் பார்க்க மல்லாத்தி வைத்தேன். வடாத்துக்கு இரண்டு வெயில் காட்டினால் போதும் என்பாள் அம்மா. காக்கை விரட்டுகிற சாக்கில் காவல் உட்கார்ந்தேன்.

மாமா மேலே வந்தார். டைம்பீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான். எத்தனை வெயில் காட்டணும் மாமா?"

கேலி பண்ணுவார் என்றிருந்தேன். அவர் பக்கத்தில் குந்தி, கைப்பிடிச்சுவரின் நிழல் எட்டாத இடமாகப் பார்த்து டைம்பீஸை நகர்த்தினார்.

"இருக்கட்டும். அவசரமில்லை," என்றார். வேர்வை வழிய வழிய அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வடாம் கலகலவென்று காய்ந்துவிட்டிருந்தது. நாளைக்குள் டயலும் பழுத்துவிடும் என்று நான் குதித்துக் குதித்துப் படியிறங்கினேன்.