வெள்ளைக் கப்பலும் தேயிலை லொறியும்

அந்தப் படத்தின் கண்ணாடியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைத்தவள் நான்தான். ரஷ்யப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டியெடுத்துச் சட்டம் போட்ட வெள்ளைக் கப்பல். அதன் வயிற்றில் பெரிய சிவப்புச் சிலுவை. இலங்கை மலைநாட்டில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்துச் சாலையில், எல்லா நோய்க்கும் ஊற்றிக்கொடுத்த ஒரே மருந்து ஜாடிக்கு மேலே அது தொங்கியது. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நான் அங்கே மருத்துவச்சி.

எங்கள் டாக்டரய்யா டாக்டர் இல்லை, மருந்து கலக்கிக் கொடுப்பவர். ஆனால் ரஷ்யக் கடற்படையின் ஆஸ்பத்திரிக் கப்பல்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. பீட்டர் மன்னர் காலத்துப் பாய்மரக் கப்பலில் தொடங்குவார். பயணிகள் கப்பலுக்கு வெள்ளையடித்து உள்ளே அறுவை அறை வைத்த கதைக்கு வருவார். ஜப்பான்காரனோடு நடந்த சண்டையில்தான் குரல் ஏறும். ரஷ்யக் கப்பல்களெல்லாம் இருட்டில் பதுங்கிப் போக, நோயாளிக் கப்பல் மட்டும் சட்டப்படி விளக்கை எரியவிட்டதாம். அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் எதிரி மொத்தப் படையையும் கண்டுபிடித்தானாம்.

"படையே போனாலும் விளக்கை அணைக்கேல்லை, பிள்ளை. நோயாளி எண்டால் அப்பிடித்தான் பாக்கவேணும்" என்பார். காய்ச்சலோடு வரிசையில் நிற்கிற சனம் அத்தனையையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். வேலைக்குப் போகாமலிருக்க எழுதித் தரும் துண்டுச் சீட்டு அவர் கையில் அல்லவா இருந்தது. நானும் தலையாட்டுவேன். த்தூ.

ஒரு மழைக்காலத்தில் என் அக்காவுக்கு முதல் பிரசவம். பிள்ளையை நான்தான் எடுத்தேன். அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. ஒன்பது மைல் தள்ளி, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி புறப்படத் தயாராக நின்றது. டாக்டரய்யா துண்டு எழுதினால் டிரைவர் ஏற்றிக்கொள்வார். மச்சான் அவர் முன்னால் கைகட்டி நின்றார்.

"ஒரு துண்டு எழுதிக் குடுங்கய்யா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"லொறியில ஏத்தேலாது. ரத்த மணம் தேயிலையில ஏறிடும். பெட்டி திரும்பி வந்தால் துரை என்னைத்தான் கேப்பார்."

தேயிலை பக்கத்து வாடையை இழுக்கும், உண்மைதான். ஆனால் ஈயத்தாள் சுற்றி ஆணியடித்த பெட்டிக்குள் எந்த வாடை போகும்? அதே லொறிதான் திரும்பும்போது எங்களுக்குக் கருவாட்டு மூட்டை ஏற்றிவரும். அன்றைக்கு இதை நான் அவரிடம் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தூக்கிப் போனோம். மூன்றாம் மைல் கட்டையில் லொறி எங்களைக் கடந்து போனது. நனைந்த ரோட்டில் நல்ல தேயிலை வாசம். அக்கா கண்ணைத் திறந்து, "புள்ள பசியில கெடக்கும், நீ திரும்பிப் போ" என்றாள். நான்காம் கட்டை வருமுன் அடங்கிவிட்டாள்.

 டாக்டரய்யா ஓய்வு பெற்றுப் போனபோது விட்டுச்சென்ற படம் இப்போது என் டிரங்குப் பெட்டியில் குப்புறக் கிடக்கிறது. நான் வளர்த்த அக்கா மகள், "இத எரிச்சிரலாமே சின்னம்மா, எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறாள். அவளிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அவளுடைய அம்மாவைப் புதைத்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போனேன். போய், அந்தக் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன்.