அடுத்த தடவைக்கு ஒரு நோட்டு

அண்ணி வீட்டை விலைக்குப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருகிறார், கதவைத் திறந்து காட்டிவிடுங்கள் என்று அண்ணன் மகள் போனில் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. காட்டுவதற்கு அது என்ன பொருட்காட்சியா? வீடு கைமாறிவிட்டால் அண்ணி அக்கரையில் மகளோடேயே இருந்துவிடுவாள். இந்தத் தீவுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். அதைத்தான் அந்தப் பெண் சுற்றி வளைத்துச் சொல்கிறாள்.

"உங்க அம்மா என்னடி சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அம்மா வாயே திறக்கமாட்டேங்கிறாங்க அத்தை. உன் இஷ்டம்னு சொல்லிட்டாங்க."

வேறு நாளாக இருந்தால், உன் அம்மாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அன்று கேட்கவில்லை. அண்ணி திரும்பி வருவாளா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. ஊரை விட்டுக் கிளம்பிய அன்று அவள் செய்துவிட்டுப் போன காரியம் அப்படி. அதைச் சொல்வதற்கு முன்னால் அண்ணி யார் என்று சொல்ல வேண்டும்.

படகுத்துறையில் இறங்கியதும் வலது பக்கம் ஒரு சின்ன அறை இருந்தது. முன்னால் கண்ணாடி, கண்ணாடியின் அடியில் கை மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு அரைவட்ட ஓட்டை. அதுதான் பணம் மாற்றும் இடம். அதற்குள்ளே உட்கார்ந்திருந்தவள் என் அண்ணி. ஒட்டினாற்போல் என் கடை: குளிர்பானம், தொப்பி, ரப்பர் செருப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அதில் ஆணி விழுந்துபோன ஒரு ஓட்டை வழியாக நாங்கள் பேசாத பேச்சு இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற ஆள், இந்த அம்மா ஏன் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று முழிப்பார்.

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு எங்கள் பழைய நோட்டு ஒரு பெரிய தலைவலி. அதில் அத்தனை சைபர். படகிலிருந்து இறங்கி, கையிலிருக்கிற சொந்த ஊர்க் காசைக் கொடுத்து மாற்றினால் கட்டுக் கட்டாக வரும். சாதாரண ஆள்கூடத் தன்னை ஜமீன்தார் என்று நினைத்துக்கொள்வார். ஒருவர் என் கடையில் ஒரு தொப்பிக்கு எட்டுத் தொப்பியின் விலையைக் கொடுத்துவிட்டு, மீதி வேண்டாம் என்று கையையும் வீசினார். நான் எடுத்துக் கல்லாவில் போட்டிருப்பேன். பலகை ஓட்டை வழியாக அண்ணியின் குரல் வந்தது. "ஏய் வாயாடி, கூப்பிட்டுத் திருப்பிக் கொடு."

"அவரே வேண்டாம்னுட்டாரு அண்ணி!"

"சைபரை எண்ணத் தெரியாம சொன்னாரு. கொடுக்கிறியா, நான் வெளியில வரட்டுமா?"

இந்தத் தொல்லைக்காகவே அண்ணி ஒரு வழி வைத்திருந்தாள். நோட்டைக் கையில் கொடுக்கும்போதே நிறத்தைக் காட்டிப் பாடம் நடத்திவிடுவாள். "சைபரைப் பார்க்காதீங்க, கலரைப் பாருங்க. பச்சை சாப்பாட்டுக்கு. நீலம் படகுக்கு. பழுப்பு தண்ணி வாங்க. சிவப்பு இருக்கே, அதை ரூமை விட்டு வெளியவே எடுக்காதீங்க." எந்தப் பாஷைக்காரர் வந்தாலும் இந்த நாலு வரியை அவர்கள் பாஷையில் சொல்லக் கற்றுவைத்திருந்தாள். வேறு ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் அவள் சொல்கிற தோரணையைப் பார்த்தால் அங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்று நினைப்பார்கள்.

இன்னொரு கூத்து, ஈர நோட்டு. சட்டைப் பையில் பணத்தோடு கடலில் இறங்கிவிடுவார்கள். வெளியே வரும்போது எல்லாம் கஞ்சியாக இருக்கும். வங்கியில் நீட்டினால் மூக்கைச் சுளிப்பார்கள். அண்ணி மேஜைக்கு அடியில் ஒரு இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தாள். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து, மேலே இன்னொரு துணி போட்டு மெதுவாகத் தேய்ப்பாள். உப்பு வாசனையும் சூடான காகித வாசனையும் பலகை ஓட்டை வழியாக என் கடை வரைக்கும் வரும். படகுக்காரர்கள் அவளுக்கு இஸ்திரி அக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் அண்ணன் படகு மெக்கானிக். "வீட்டுல என் சட்டைக்கு இல்லாத இஸ்திரி ஊரான் நோட்டுக்கு" என்று புலம்புவார், பாவம். இப்போது புலம்ப அவரும் இல்லை.

இனிமேல்தான் விஷயம். ஊருக்குத் திரும்புகிறவர்கள் கடைசி நேரத்தில், படகு ஹாரன் அடிக்கும்போது ஓடிவருவார்கள். மிச்சமிருக்கிற உள்ளூர்ப் பணத்தை மாற்றிக் கொடுங்கள் என்பார்கள். பெரிய நோட்டை அண்ணி வாங்கிக்கொள்வாள். பழுப்பு நோட்டையும் காசையும் திருப்பி வாங்கக் கூடாது என்பது அவள் முதலாளியின் கட்டளை. அங்கேதான் சண்டை. "இதை வச்சு நான் எங்க ஊர்ல என்ன பண்றது?" என்று கண்ணாடியைத் தட்டுவார்கள். தப்பென்று சொல்ல முடியுமா? இந்தத் துறையைத் தாண்டினால் அது வெறும் காகிதம்தானே.

ஒருநாள் நம் பாஷை பேசுகிற ஒரு ஜோடி இப்படிச் சண்டைக்கு நின்றது. கல்யாணமான புதிதாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. பணத்துக்காக இல்லை, ஊருக்குப் போகிறோமே என்று. அண்ணிக்கு என்ன தோன்றியதோ, அந்தப் பழுப்பு நோட்டை அவள் கையிலேயே மடித்துவைத்து, "இதை வச்சுக்கோம்மா. இங்க வந்தவங்க ஒரு நோட்டைக் கையில வச்சிருந்தா கண்டிப்பா திரும்ப வருவாங்க. அடுத்த தடவை படகை விட்டு இறங்கினா தாகமா இருக்குமில்ல, பக்கத்துக் கடையில ஏதாவது வாங்கிக் குடி" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நோட்டைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு படகேறினாள்.

நான் ஓட்டை வழியாகக் கேட்டேன். "அப்படி ஒரு ஐதீகம் நம்ம ஊர்ல எப்ப இருந்து அண்ணி?"

"இப்ப இருந்துதான்" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் இதே பேச்சுத்தான், பாஷை தெரியாதவர்களுக்கு ஜாடையில். நன்றாகக் காதில் பூச் சுற்றுகிறீர்கள் என்று நான் கேலி செய்வேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சிலர் நிஜமாகவே வந்தார்கள். படகிலிருந்து இறங்கும்போதே பழுப்பு நோட்டைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு வருவார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைக் காட்டுவார்கள். அண்ணி எழுந்து நின்று கை தட்டுவாள். அப்புறம் அவர்கள் நேராக என் கடைக்கு வந்து குளிர்பானம் வாங்குவார்கள். அந்தக் காலத்தில் அண்ணியின் பொய்யால் பிழைத்தவள் நான் ஒருத்திதான்.

அப்புறம் அரசாங்கம் சைபர்களை வெட்டிப் புது நோட்டு அடித்தது. பழைய நோட்டை மாற்றிக்கொள்ள ஒரு வருஷம் தவணை கொடுத்தார்கள், அதற்குமேல் செல்லாது என்றார்கள். ஊரே வங்கி வாசலில் நின்றது. அண்ணி மட்டும் வேறு கவலையில் இருந்தாள். "எந்தெந்த ஊர்ல யார் வீட்டு மேஜையில என் பேச்சை நம்பி நோட்டு கிடக்குதோ, வாயாடி. அவங்களுக்கெல்லாம் யார் சொல்லுவா?" என்றாள். நானும் அன்று கேலி செய்யவில்லை.

தவணை முடிந்து வெகுகாலம் கழித்து ஒரு பெரியவர் தனியாக வந்து இறங்கினார். வெள்ளைத் தொப்பி, கையில் தடி. கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு பழுப்பு நோட்டை அரைவட்ட ஓட்டை வழியாக உள்ளே தள்ளினார். அதைப் பார்த்ததும் அண்ணியின் முகம் சுண்டிப்போனது. "ஐயா, இது இப்ப செல்லாதுங்க" என்றாள்.

"தெரியும்மா. படகிலேயே சொன்னாங்க. மாத்த வரல" என்றார் அவர். "இறங்கினதும் பக்கத்துக் கடையில குடிக்க ஏதாவது வாங்குங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. என் சம்சாரம் இதைத் துணி அலமாரியில பத்திரமா வச்சிருந்தா. போகலாம் போகலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான்தான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளிப்போட்டேன். இப்ப அவ இல்ல. இதைச் செலவு பண்ணாம விட்டா எனக்கு மனசு ஆறாது."

அண்ணி எழுந்தாள். சாப்பாட்டு நேரம் என்ற அட்டையைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்து, அவரைக் கையைப் பிடித்து என் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். "ரெண்டு பாட்டில் கொடு" என்றாள். நோட்டை என் கடைப் பலகையில் வைத்தாள். நான் நோட்டைப் பார்த்தேன், அண்ணியைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் கொன்றுபோடுவேன் என்கிற பார்வை. எனக்கு மட்டும் மனசு இல்லையா என்ன?

"அந்தம்மா எந்தக் கலர் குடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"ஆரஞ்சு" என்றார். அவருக்கு ஒன்று, அந்த அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டும் ஆரஞ்சாகவே உடைத்துக் கொடுத்தேன். அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தன் பாட்டிலைக் குடித்தார். இன்னொரு பாட்டிலைப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். அண்ணி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். குடித்து முடித்ததும் பெரியவர் எழுந்து பலகைக்கு முன்னால் வந்து கையை நீட்டினார்.

"மீதி?" என்றார்.

அடப்பாவி மனுஷா! செல்லாத நோட்டுக்கு இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறேன், மீதி வேறு! அன்றைய விலைக்கு இரண்டு பாட்டில் போக ஒரு காசு மிச்சம் வரும், தன் மனைவி அப்படித்தான் கணக்குச் சொல்லிவைத்திருந்தாள் என்றார். நான் இடுப்பில் கையை வைத்தேன். அண்ணி குபீரென்று சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அப்படியே உள்ளே ஓடிப்போய், விரல் நனைக்க வைத்திருந்த ஸ்பாஞ்சுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பழைய காசைத் தேடி எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது அடுத்த தடவைக்கு" என்றார்.

அவர் மறுபடி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்று சாயங்காலம் கடையை அடைக்கும்போது அண்ணி வந்து, இரண்டு பாட்டிலுக்கான புதுப் பணத்தைப் பலகையில் வைத்துவிட்டு அந்தப் பழுப்பு நோட்டை எடுத்துக்கொண்டாள். எனக்கு எதற்கு உங்கள் காசு என்று சண்டை போட்டேன். "இது உன் கல்லாவில கிடக்க வேண்டாம்" என்றாள். புதுப் பணத்தைக் கல்லாவில் போட்டுக்கொண்டேன்.

காலம் அதன் பாட்டுக்குப் போனது. அண்ணன் போனார். வருகிறவர்கள் எல்லாரும் கார்டை உரசவும் போனைக் காட்டவும் ஆரம்பித்தார்கள். என் கடையிலும் ஒரு மெஷின் வந்து உட்கார்ந்துகொண்டது. பச்சை எதற்கு, நீலம் எதற்கு என்று கேட்க ஆள் இல்லை. முதலாளி கண்ணாடி அறையைப் பூட்டினார். அண்ணிக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. வைத்தியத்துக்கு என்று மகள் வந்து கூப்பிட்டாள். கொஞ்ச நாள்தானே என்றுதான் அண்ணி கிளம்பினாள்.

படகு கிளம்பும் நேரம் வந்தது. கல்லாவிலிருந்து ஒரு சின்ன நோட்டை, புது நோட்டைத்தான், எடுத்துப்போய் அவள் கையில் திணித்தேன். "வச்சுக்கோங்க அண்ணி. அடுத்த தடவைக்கு" என்றேன். கேலிக்கு இல்லை, மனசாரத்தான் சொன்னேன்.

அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? "எனக்கே காது குத்துறியாடி?" என்று சிரித்துவிட்டு, அதே நோட்டை என்னிடம் நீட்டி, வழியில் குடிக்க என் கடையிலேயே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டாள். நான் கொடுத்த மீதிச் சில்லறையையும் என் கையிலேயே திருப்பி எண்ணி வைத்தாள். படகு போய்விட்டது. இவள் வரமாட்டாள் என்று அப்போதே என் மனசில் பட்டுவிட்டது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீடு பார்க்க வருகிறவர் முதல் படகில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சாவியை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன். கூடத்தைப் பெருக்கினேன். மூலையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது, அதைத் துடைத்து வைத்தேன். வரட்டும், பார்க்கட்டும், நமக்கென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் அண்ணன் மகள் போன் பண்ணினாள்.

"அத்தை, அவர் வந்துட்டாரா?"

"இன்னும் இல்ல. படகு இப்பதான் துறைக்கு வருது."

"சரி அத்தை. இங்க காலையில இருந்து ஒரே சண்டை. அம்மா பர்ஸ் கிழிஞ்சு போச்சேன்னு புதுசு வாங்கிக் கொடுத்தேன். பழசுல இருந்ததை எல்லாம் மாத்தி வச்சேன். உள்ள ஒரு பழைய நோட்டு, பழுப்பா, எப்பவோ செல்லாமப் போனது. தூக்கிப் போடப் போனேன், அம்மா கையைத் தட்டிவிட்டுட்டாங்க அத்தை. என்னை அடிச்சதே இல்ல அவங்க. இப்ப பேசவும் மாட்டேங்கிறாங்க."

பெருக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைத்தேன். "போனை அம்மாகிட்ட கொடு" என்றேன். அந்தப் பக்கம் கைமாறுகிற சத்தம் கேட்டது. அண்ணி மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணி, என்கிட்ட பாட்டில் வாங்கி மீதியும் கொடுத்துட்டுப் போனீங்களே, மகராசி. அந்தச் செல்லாத நோட்டை எதுக்கு வச்சிருக்கீங்க?"

"படகை விட்டு இறங்கினா தாகமா இருக்குமில்ல, வாயாடி" என்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வீடு பார்க்க வந்தவர் நின்றுகொண்டிருந்தார், நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். நான் போனைக் கீழே வைக்காமலே, அண்ணியின் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். "மன்னிச்சுக்கோங்க, வீடு விக்கிறதுக்கு இல்லீங்க. வீட்டுக்காரம்மா வர்றாங்க."