மஞ்சள் இறங்கிய மாதம்

அச்சகத்தில் அவளை எல்லோரும் மீட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சான தாளின்மேல் கையடக்க மீட்டரை அழுத்தி, மை எவ்வளவு அடர்த்தியாக விழுந்திருக்கிறது என்று எண்ணைப் படித்துச் சொல்வது அவள் வேலை. தினமும் காலையில் வெள்ளைப் பீங்கான் வில்லையைத் துடைத்து, அதில் மீட்டரைச் சரிபார்க்காமல் ஒரு தாளையும் தொடமாட்டாள். வீடு ஒற்றை அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். வேலைக்கு வெளியே அவளிடம் ஒரு வார்த்தை பேசுகிறவர் மெஷின்காரர் மட்டும்தான்.

“என்னம்மா, உன் மாப்பிள்ளை என்ன சொல்றாரு?” என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்துவார். மாப்பிள்ளை என்றால் மீட்டர்.

“மஞ்சள் கம்மிங்கறாருண்ணே.”

“அவருக்கு என்னைக்குத்தான் திருப்தி?”

அந்த மாதம் மீட்டரில் மஞ்சள் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. மற்ற மைகள் நின்ற இடத்தில் நின்றன. அவரோ கண்ணை நம்பி மை விடுகிறவர். மஞ்சள் தூக்கலாக இருக்கிறது என்று இன்னும் குறைப்பார். அவர் டீக்குப் போகும்போது அவள் மஞ்சள் மைத்தொட்டியின் திருகைக் கொஞ்சம் திறந்துவைப்பாள். திரும்பி வந்து அவர் மூடிவிடுவார்.

ஒருநாள், அச்சடித்துக் கொடுத்த பிஸ்கட் பெட்டி அட்டைகள் திரும்பி வந்தன. பெட்டியில் சிரித்த குழந்தையின் முகம் குளிரில் நின்றதுபோல் நீலம் பாரித்திருந்தது.

“மீட்டர்லதான் சார் கோளாறு” என்றார் மெஷின்காரர்.

“நாளைக்கு ரிப்பேருக்கு அனுப்புங்க” என்றார் முதலாளி.

மீட்டர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் பழி யார்மேல் விழும் என்பது அவளுக்குத் தெரியும். முன்கூட்டியே அவரிடம் சொன்னாலோ, இருக்கிற ஒரு பேச்சுத்துணையும் போய்விடலாம். ஆனாலும் வேலை முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு, ஜன்னலோரம் ஒரு தாளை விரித்தாள்.

“அண்ணே, ஒவ்வொரு கண்ணா மூடிட்டுப் பாருங்க.”

“டாக்டராயிட்டியா?” சிரித்துக்கொண்டே இடது கண்ணைப் பொத்தினார். பிறகு வலது கண்ணை. மறுபடியும் இடது. சிரிப்பு நின்றது. “ஒரு கண்ணுக்கு வெள்ளைக் காகிதமே பழுப்பா இருக்கே.”

அவள் மஞ்சள் மைத்தொட்டியின் பக்கம் பார்த்தாள்.

“மஞ்சளை யாரோ திறந்துவிடுறாங்கன்னு நினைச்சேன். நீதானா?”

ஆமென்று தலையை ஆட்டினாள்.

“என் மெஷின்லயா? எனக்குத் தெரியாமலா?”

முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். கண்ணில் புரை என்றார்கள். அறுவை சிகிச்சை முடிந்து பழைய வேலைக்கே திரும்பினார். முதல் தாளில் மீட்டரை அழுத்தினாள். மஞ்சள் இருக்க வேண்டிய எண்ணில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு மையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“திருப்தியாம்ணே” என்றாள், மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று அவர் கேட்காமலே.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வில்லையை எடுத்து இன்னொரு முறை துடைத்தாள்.