சகாயமேரி திருத்திய விண்ணப்பம்

சகாயமேரி அம்மா போய்விட்டார். நேற்று மாலை அடக்கம்.

கருங்கல் ஊர்ச் சந்தையிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் முப்பது வருஷம் மீன் விற்றவர். இதை வாசிக்கும் பலர் அவரிடம் வாங்கியிருப்பீர்கள்.

நான் வாங்கியதில்லை, எங்கள் வீட்டில் சைவம். எனக்கு அவரை வேறு விதமாகத் தெரியும்.

அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும்... வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

பத்து வருஷம் இருக்கும். கடற்கரையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் அப்போது நான் தலைமையாசிரியர். அவர் மகள் ஜெனிஷா எங்களிடம் பிளஸ் ஒன்.

அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு ஒரு வருஷம் தங்கி, அங்குள்ள பள்ளியில் படிக்கும் எக்ஸ்சேஞ்ச் திட்டம். ஜெனிஷா அதற்குத் தேர்வு எழுதி, சென்னையில் நடந்த இன்டர்வியூவிலும் தேறிவிட்டாள். செலவு முழுவதும் திட்டத்துக்காரர்களுடையது.

மிச்சம் இருந்தது ஒரு தடித்த விண்ணப்பம். நிரப்பித் தருகிறேன் என்று நானே வாங்கிக்கொண்டேன். எதையும் முதலில் பென்சிலில் எழுதிப் பார்ப்பது என் வழக்கம்.

தாயின் தொழில் என்ற இடத்தில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று எழுதினேன். கௌரவமாக இருக்கட்டுமே என்று.

சகாயமேரி மகளை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் கேட்டார். அந்த வரி வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"சாரே, நான் எப்பம் வீட்டுல இருந்தேன்? வெளுப்பாங்காலம் மீன் எடுக்கக் கடப்புறத்துல, அது கழிஞ்சா சந்தையில. மீன்காரின்னு எழுதுங்க. இல்லேண்ணா எனக்க பிள்ள அங்க போயி, இல்லாத ஒரு அம்மையப் பத்தி ஒரு வருசம் பேசணுமா?"

திருத்தினேன்.

அடுத்த பக்கத்தில், நீச்சல் தெரியுமா என்று ஒரு கேள்வி. 'நன்றாகத் தெரியும்' என்று டிக் போட்டிருந்தேன், அவளைக் கேட்காமலே. கடற்கரைப் பெண்தானே...

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"கடப்புறத்துல பொம்பளப் பிள்ளையள யாரு சாரே கடல்ல எறக்குவா? அங்க எவளாவது இவளத் தண்ணியில தள்ளி விட்டா, நீங்க பின்னால சாடி இவளத் தூக்கி எடுப்பியளா?"

அந்த ஊரில் ஆறு வருஷம் வேலை பார்த்திருந்தேன். இதுகூடத் தெரியாமல்! ரப்பரால் அழித்தேன்.

பிறகு பேனாவில் எழுதி முடித்தோம். கல்ஃபில் மீன்பிடி வேலையில் இருந்த ஜெனிஷாவின் அப்பாவிடமிருந்து சம்மதக் கையெழுத்து கூரியரில் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் தலைமையாசிரியரின் கையெழுத்தும் சீலும் மட்டும் பாக்கி.

நான் போடவில்லை.

ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. வயசுப் பெண்ணை முன்பின் தெரியாத வீட்டில் ஒரு வருஷம் விடுவதா... நாளை ஏதாவது நடந்தால், கையெழுத்துப் போட்டவன் யார் என்றுதானே முதலில் கேட்பார்கள்?

மேலிடத்தில் கேட்டிருக்கிறேன் என்று சொன்னேன். பொய். விண்ணப்பம் என் மேஜை டிராயரில் கிடந்தது.

பதினோரு நாள்.

தினமும் மீன் விற்று முடித்து வருவார். மீன் சுமக்கும் அலுமினியச் சருவத்தை என் அறை வாசலில் இறக்கிவிட்டு பெஞ்சில் உட்காருவார். ஆசிரியர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போவார்கள்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, நேராக உள்ளே வந்தார்.

"இன்னைக்கு ஒப்பு போடுவியளா சாரே?"

"மேல இருந்து இன்னும் பதில் வரலியேம்மா."

"செரி. இதுவர மீன வித்துட்டு வந்தேன். நாளைக்கு விக்காம வாறேன். பதிலு வருத வர, சாளையும் நெத்திலியும் உங்க வாசல்லயே இருக்கட்டும்."

செய்யக்கூடியவர்தான். நான் குரலைத் தணித்துக்கொண்டு, "தெரியாத வீட்டுல பிள்ள எப்படிம்மா ஒரு வருசம் இருப்பா? அதான் யோசிக்கேன்" என்றேன்.

"தெரியாத வீடுதான் பயமா? அப்பம் தெரிஞ்ச வீட்டுல பழகட்டும். உங்க வீட்டுல ஒரு பத்து நாளு நிக்கட்டுமா? நீங்க திங்குதத திம்பா."

எங்கோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அவளுக்கு அறை ஒதுக்கத் தயாராக இருந்தது. நான் என் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெளங்கிச்சு சாரே. ஒப்பப் போடுங்க."

போட்டேன். சீல் கோணலாக விழுந்தது.

ஜெனிஷா போனாள். ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து பிளஸ் டூ முடித்தாள், கல்லூரி முடித்தாள். இப்போது சென்னையில் வேலை.

அம்மாவின் கடைசி இரண்டு மாதம் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். நான் கண்ணால் பார்த்தது இது.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், ஜெனிஷாவின் காதில் விழும்படியே சொன்னார்.

"பொட்டப்பிள்ளைய வெள்ளக்காரன் வீட்டுக்கு அனுப்பி வச்ச தள்ளைக்கு இவ்வளவு கூட்டமாக்கும்!"

அறுபத்தேழு வயதுவரை நான் ஒரு கூட்டத்தில் எதிர்த்துப் பேசியதில்லை. நேற்று பேசினேன். குரல் கீச்சென்றுதான் வந்தது... வந்துவிட்டது.

"அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது நான்வே. கேக்கணும்னா என்ட்ட கேளும்."

"சாருக்கு எதுக்கு இந்த வேல?"

"பதினோரு நாள் போடாம இருந்தேம்லா. அதுக்கு."

அவருக்கு விளங்கியிருக்காது. ஜெனிஷா திரும்பிப் பார்த்தாள்.

ஊர் வம்பு வேண்டாம் அப்பா, போஸ்ட் எதுவும் போடாதீர்கள் என்று மகன் காலையில் ஃபோனில் சொன்னான். போடுகிறேன். என் பெயரோடும் படத்தோடும்.

கீழே யார் வந்து என்ன எழுதினாலும் இது இங்கேயே இருக்கும்.

போய் வாருங்கள், சகாயமேரி அம்மா.