துருத்தியின் மூச்சு

1996 ஜூலை 14, ஞாயிறு, பிற்பகல் மூன்றே முக்கால் மணி, வெளியே சாரல். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு தியேட்டர். பன்னிரண்டு மின்விசிறிகளில் ஐந்துதான் சுற்றின. வெளிநாட்டில் ஓபராவுக்கு இசையமைத்துவந்த என் தம்பி சங்கரன் இசையமைத்த முதல் சினிமா இது. திரையில் ஒரு தாய் சாகக் கிடந்தாள். சுரமே இல்லாமல் ஆர்மோனியத் துருத்தியின் காற்று மட்டும் ஏறி இறங்கியது.

1947-இல் எனக்குப் பதின்மூன்று வயது, அவனுக்கு ஒன்பது. பாளையங்கோட்டை சர்ச்சில் ஒதுக்கிப் போட்ட ஆர்மோனியம் அவனுக்குக் கிடைத்திருந்தது. மூச்சிழுப்பில் கிடந்த அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, கட்டைகளைத் தொடாமல், அவள் மூச்சுக்குச் சரியாகத் துருத்தியை இயக்குவான்.

"எனக்குப் போட்டியா மூச்சு விடுதியாலே?" என்று சிரிப்பாள் அம்மா.

அப்பா கோயிலில் ஓதுவார். தெருவில் யாருக்கு உயிர் பிரிந்தாலும் காதருகே பதிகம் பாட அவரைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவின் கடைசி நாளில், முன்கூட்டியே பாடினால் அவள் பயந்துவிடுவாள் என்று, மூச்சு தடுமாறட்டும் எனக் கூடத்தில் காத்திருந்தார். உள்ளிருந்து கேட்ட மூச்சுச் சத்தம் தடுமாறவே இல்லை. வெகுநேரம் கழித்து உள்ளே போனோம். அம்மா குளிர்ந்திருந்தாள். துருத்திதான் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்தினா அம்மா போயிருவா," என்றான் தம்பி.

"போயாச்சுலே. நான் பாடவே இல்லையே," என்றார் அப்பா. பிறகு அவர் எந்தச் சாவுக்கும் பாடப் போகவில்லை.

திரையில் துருத்தி நின்றது. சர்ச் பாடகர்களின் கூட்டுக்குரல் எழுந்தது. அதன்மேல் ஒரு கிழவர் குரல், அப்பாவின் அதே இழுவையில், பதிகம் தொடங்கியது. நாற்பத்தொன்பது வருடம் தாமதம்.

இடைவேளைவரை இருக்க முடியவில்லை. டிக்கெட் எட்டு ரூபாய், பஸ்ஸுக்குப் போக வர இரண்டு நாற்பது. அம்மா சாவதை இன்னொரு தடவை கேட்க எனக்கு ஆன செலவு பத்து ரூபாய் நாற்பது பைசா.