அண்ணன் பக்கத்து இலை

என் இடுப்பு வலிக்கு டாக்டர் முதலில் சந்தேகப்பட்டது கேமரா பையைத்தான். மூன்று லென்ஸ், ஃபிளாஷ், ட்ரைபாட் என்று எல்லாவற்றையும் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் சுமந்துகொண்டு போவேன். டாக்டரிடம் சொல்லாத காரணம் ஒன்று அதற்கு உண்டு. முத்தியால்பேட்டை வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து அண்ணனோடு எனக்குப் பேச்சில்லை. போட்டோ எடுப்பவனை யாரும் உட்கார்ந்து பேசச் சொல்வதில்லை. கடைசிப் பந்தியில் வீடியோக்காரரோடு சாப்பிட்டுவிட்டு நழுவிவிடலாம்.

போன மாதம் அத்தனையையும் விற்றுவிட்டு, கைக்கு அடக்கமாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். அதை மட்டும் எடுத்துக்கொண்டு ரெட்டியார்பாளையத்தில் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போனேன்.

"என்னடா, கைய வீசிக்கினு வந்துட்ட? போய் சாப்புடு போ," என்று அக்கா முதல் பந்திக்கே தள்ளிவிட்டாள். ஒரே ஒரு இலைதான் காலி. பக்கத்து இலையில் அண்ணன்.

"எங்கடா உன் பீரங்கி?" என்றார்.

"வித்துட்டேண்ணே."

"அப்பாடா. உன் மூஞ்சியப் பாத்து எவ்ளோ நாளாச்சு! கெழவனாயிட்டடா."

பழக்கதோஷத்தில் மடியிலிருந்த கேமராவைத் தூக்கினேன்.

"அத கீழ வை. பாயசம் ஆறுது."

வைத்துவிட்டேன்.

அண்ணன் என்ன பேசினார் என்று வீடு திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாயசத்தில் முந்திரி கம்மி என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனோம். அண்ணன் தலை வருடா வருடம் நரைத்ததற்கு என்னிடம் படங்கள் இருக்கின்றன. எனக்கு நரைத்தது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.