இரும்புச் சுத்தியலால் அடித்த மடிப்பு

போடிமெட்டிலிருந்து ஜீப்பு இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், "நிறுத்துங்கண்ணே" என்றேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "என்ன, வாந்தியா?"

"இல்ல. மேல போகணும்."

"மேலருந்துதானய்யா வர்றோம்!"

பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த எஸ்டேட் பெண்கள் சிரித்தார்கள். "பொண்டாட்டிய மறந்துட்டு வந்துட்டாரு போல" என்றாள் ஒருத்தி.

நான் மறந்தது கொட்டாப்புளியை. அதுவும் மேலே இல்லை. காலையிலேயே, போடியில் என் தகரப் பட்டறையில். புளிய மரத்தில் செய்த சுத்தியல் அது. இரும்பால் அடித்தால் தகரம் மெலிந்துபோகும், விளிம்புகளைக் கோத்த மடிப்பு சூட்டில் வாய் திறக்கும். மரத்தால் தட்டினால் அப்படியே படியும். எட்டாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே பாடம் இதுதான். அதைத்தான் அன்றைக்கு மீறியிருந்தேன்.

ரெண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு அக்காவுக்கு, காய் உலர்த்தும் அறைக்குப் புதுப் புகைக்குழாய் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன். வெளியே அடுப்பு எரியும். புகை, தகரக் குழாய்க்குள் ஓடி மறுபக்கம் போய்விடும். சூடு மட்டும் அறையில் நிற்க வேண்டும். போன தடவை பழைய குழாய் கசிந்து, காயில் புகை வாடை ஏறி, போடியில் வியாபாரிகள் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்கள். இந்த முறையும் அப்படி ஆனால் அவர் தாங்கமாட்டார். நேர்க்குழாயெல்லாம் பட்டறையிலேயே முடித்து எடுத்துப் போனேன். வளைவுத் துண்டை மட்டும் அங்கே வைத்துச் செய்ய வேண்டியிருந்தது. கடைசி ஜீப்பு ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. ஒரு விறகுக்கட்டையை எடுத்தாவது தட்டியிருக்கலாம். தோன்றவில்லை. இரும்பால் நாலு போடு போட்டுவிட்டு ஓடிவந்து ஏறிவிட்டேன்.

மூச்சு வாங்க ஏறிப் போனபோது அக்கா தீப்பெட்டியோடு அடுப்பு முன்னால் குனிந்திருந்தார்.

"பத்த வைக்காதீங்கக்கா!"

"ஏப்பு, பாம்பா?"

"வளைவுல மடிப்பு சரியில்லையோன்னு..."

"நீதான நல்லாருக்குன்னுட்டுப் போன?"

"சொன்னேன். ஜீப்புல ஏறினதும் சந்தேகமாப் போச்சு."

அவர் என்னையே பார்த்தார். "காலையில எடுத்த காய். போட்டு வச்சா மஞ்சளாப் போகும். என்ன செய்யணுமோ வெரசா செய்யி."

காய்த் தட்டுகளை எல்லாம் வெளியே தூக்கினோம். அடுப்பில் பச்சைத் தழையைப் போட்டு அவர் பற்றவைத்தார். நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வளைவையே பார்த்தபடி நின்றேன். ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை.

"உசுரோட இருக்கியா?" என்று வெளியே குரல்.

அப்போதுதான் நூல் மாதிரி ஒரு புகை மடிப்பிலிருந்து எழுந்தது. பயந்தது வீண் இல்லை என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

தீயை அணைத்தோம். விறகுக் குவியலில் ஒரு பலாக்கட்டையை எடுத்து, அக்காவின் அரிவாளால் கைப்பிடி செதுக்கினேன். மிச்சத் தகரத்தில் வேறு வளைவு வெட்டி, மடித்து, அந்தக் கட்டையால் விளிம்பு முழுக்கத் தட்டிப் பொருத்தினேன். மறுபடி புகை போட்டோம். கசியவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன். கசியவில்லை. மூன்றாவது தடவை கேட்டதும், "உன்னயும் தட்டுல போட்டுக் காய வச்சிருவேன், போயிரு" என்றார்.

கேரளாவில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் ஊர் வந்து சேர்ந்தேன். அடுத்த ரெண்டு நாளும் ஹாரன் கேட்டாலே பட்டறை வாசலுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் அதே டிரைவர் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "அக்கா குடுத்துச்சு. நீ மோந்து பாப்பியாம்."

உலர்ந்த காய் நிறம் மாறாமல் பச்சையாக இருந்தது. மோந்தேன். வாடை இல்லை. என் மூக்கை நம்பாமல் பக்கத்து டீக்கடைக்காரரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"ஏலக்காதான மணக்குது? வேறென்ன மணக்கணும்?" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஒரு காயை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன்.